ஒரு மைல் நீள நாடு

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம், நீல மையில் வரைந்த வரைபடம். கீழே அலை அலையாகக் கடல், கரையில் ஒரு கப்பல், துறைமுக வாசல், இடதுபக்கம் திரும்பினால் ரொட்டிக்கடை, பிறகு தண்டவாளத்தில் ஆட்களை மலைமேல் ஏற்றும் இழுவைப் பெட்டி, அதற்கும் மேலே சிலுவை போட்ட ஒரு சதுரம். அவ்வளவுதான். விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் என் சின்ன அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிற காயல்பட்டினத்துக்காரர்கள். இது எந்த ஊர் என்று கேட்பார்கள். சிலி நாடு என்பேன். தென்னமெரிக்காவின் ஓரத்தில் முருங்கைக்காய் போல நீண்டு கிடக்கும் அந்த நாடு என் பெரியப்பாவுக்கு ஒரு மைல் நீளம்தான்.

பெரியப்பா கப்பலில் போசனாக இருந்தவர், மேல்தளத்து வேலையாட்களுக்கெல்லாம் தலைவர். வருடத்தில் மூன்று மாதம் வீட்டில் இருப்பார். அந்த மூன்று மாதமும் பெரியம்மாவின் அடுப்படியையும் மேல்தளமாக நினைத்து வேலை ஏவிக்கொண்டிருப்பார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு பெரியம்மா பையைக் கையில் கொடுத்து மீன் வாங்க அனுப்பிவிடுவாள். பணிவாகப் போய்விடுவார். அந்தப் பணிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து ஒருநாள், நான் கடை திறந்த கையோடு வந்து உட்கார்ந்து, சிலியில் இருக்கிற வால்பரைசோவுக்கு டிக்கெட் போட வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெரியம்மாவின் தம்பி அந்த ஊரில்தான் அடக்கமாகியிருக்கிறார். பெரியப்பாதான் அவரைத் தன் கப்பலில் சேர்த்துவிட்டுக் கூட்டிப்போனார். இரண்டாவது பயணத்தில், வால்பரைசோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது அந்தத் தம்பி கப்பலின் அடியறைக்குள் தவறி விழுந்து இறந்துபோனார். உடலை ஊருக்கு அனுப்ப அன்றைக்கு வழியில்லை. கூட வேலை பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டுபோய் மலைமேல் இருந்த கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். பெரியப்பா ஒரு கைக்கடிகாரத்தையும் ஒரு துணிப்பையையும் கொண்டுவந்து பெரியம்மா கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூவைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள். பெரியம்மா அப்பா அம்மாவுக்கு ஏற்றிவிட்டு, ஒரு திரியைத் தனியாக எடுத்துக்கொண்டு தோட்டத்தின் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடிக்குப் போவாள். வேறெங்கோ புதைந்துபோனவர்களுக்கான இடம் அது. கடலை நம்பி வாழ்கிற ஊரில் அங்கேதான் கூட்டம் அதிகம். பெரியப்பா மட்டும் வாசலிலேயே நின்றுகொள்வார்.

"ஒரு கல்லறைத் திருநாளுக்காவது அவன் குழியில ஒரு திரி எரியணும்ளா. கூட்டிட்டுப் போனவன் நாந்தான" என்றார் என்னிடம். அந்த வரைபடத்தை அன்றைக்குத்தான் வரைந்தார். நான்கு தடவை சிலிக்குப் போனவருக்குத் துறைமுக வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைதான் அந்த நாடு தெரியும். விமானம் தலைநகர் சாந்தியாகோவில் இறங்கும், அங்கிருந்து சாலையில் இரண்டு மணி நேரம் வரவேண்டும் என்று கணினியில் காட்டினேன். நம்பாமல் பார்த்தார். "அப்ப பின்வாசல் வழியா போகணும்னு சொல்லுத" என்றார். கடல் பக்கம்தான் ஒரு நாட்டின் தலைவாசல் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

டிக்கெட்டுக்கான படிவத்தை வீட்டில் வைத்து நிரப்பித் தருவதாக வாங்கிப்போனார். மறுநாள் அவர் வரவில்லை, பெரியம்மா வந்தாள். என் கடைக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. படிவத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். பயணிகள் என்ற இடத்தில் ஒன்று. புறப்படும் நாள், அக்டோபர் கடைசி. திரும்பும் நாள் என்ற கட்டம் காலி.

"உங்க பெரியப்பா திரும்பி வர மாட்டாராளா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. காலிக் கட்டத்தை விட்டு விரலை எடுக்கவில்லை.

உடனே போன் போட்டு வரச்சொன்னேன். வந்தவர் படிவத்தைப் பார்த்து முழித்தார். ஆயுள் முழுக்க அவர் கையில் போகிற டிக்கெட் மட்டும்தான் இருந்திருக்கிறது. போய்க் கப்பல் ஏறவேண்டும், ஒப்பந்தம் முடிந்ததும் எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறாரோ அங்கிருந்து கம்பெனி ஊருக்கு அனுப்பிவைக்கும். திரும்பி வருவதை அவர் ஒருநாளும் தானாக எழுதிப் பழகவில்லை. கைப்பழக்கத்தில் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார். நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை.

"போறதுக்கு ஒண்ணு, வாரதுக்கு ஒண்ணு. ஒரு ஆளுக்கு ரெண்டு டிக்கெட்டு, அப்படித்தான?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அந்த ரெண்டையும் போறதுக்கே போடு. என் தம்பிய நான் பாக்காண்டாமா? வாரதைப் பெறவு பாத்துக்கிடலாம்."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "கேக்கப் பயந்து கெடந்தேன்" என்றார். இத்தனை வருட மௌனத்தை அவள் தன்மேல் வைத்திருக்கிற குற்றம் என்று எண்ணி மனுஷன் புழுங்கியிருக்கிறார். அவளோ, பேசினால் அவர் உடைந்துபோவார் என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எங்கே எடுக்கவேண்டும் என்று என்னைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் என் கடையில் சிலியைத் தவிர வேறு பேச்சில்லை. யாருடனோ சண்டைக்குப் போகிற முகத்தோடு பெரியம்மாவின் பாஸ்போர்ட் வந்தது. கருவாடு கொண்டுபோகக் கூடாது என்று சொன்னதற்கு அந்த நாட்டின் மேலேயே அவளுக்கு மரியாதை போய்விட்டது. அங்குள்ள பங்குக் கோயிலுக்குக் கைபேசியில் மொழிபெயர்த்து, அந்தக் கல்லறையைத் தேடித் தரச்சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு படம் வந்தது. வரிசையாகச் சிமெண்டுச் சிலுவைகள், அதில் ஒன்றில் தம்பியின் பெயரில் பாதி மட்டும் மிஞ்சியிருந்தது. பெரியம்மா அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பெரியப்பா, காற்றுக்கு நிற்கிற திரி இங்கேதான் கிடைக்கும் என்று தேடி இரண்டு கட்டு வாங்கிவைத்தார்.

விசா வந்த வாரம் அவருக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. ஐந்தாம் நாள் போய்விட்டார். கப்பலிலிருந்து அழைப்பு வந்தால் ஒரே நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர், இதற்கும் அப்படியே கிளம்பிவிட்டார். டிக்கெட்டுகளை ரத்து செய்ய வேண்டிய அந்தப் பொத்தானை அழுத்த முடியாமல் நான் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு அழுதேன்.

இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் பெரியம்மா வந்தாள், கையில் அந்த இரண்டு கட்டுத் திரி. சிலிக்கு டிக்கெட் போடச் சொன்னாள். எனக்கும் அவளுக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு அங்கே இருப்பதுபோல நாள் பார்க்கத் தொடங்கினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"அக்டோபர்லயே போயிருவோம். வாரதுக்கும் இப்பவே சேத்துப் போட்டுரு. திருநாளைக்கு நான் இங்கன இருக்கணும். இங்கனயும் ஒருத்தரு காத்துக் கெடக்காருல்லா."

திரும்பும் நாள் என்ற கட்டத்தை முதலில் நிரப்பினேன். பிறகு மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அந்தத் தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.