ஆறாம் அடிமானத்தில் ஒரு முகூர்த்தம்

புதுச்சத்திரம் ஜெகதீஸ்வரன் கம்ப்யூட்டர்காரன். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் எந்த எண்ணையும் எந்த அடிமானத்துக்கும் மாற்றித் தரும் கருவி ஒன்றை எழுதி வைத்திருந்தான். அடிமானம் என்றால் எண்ணைப் பத்துப் பத்தாக அல்லாமல் எட்டெட்டாகவோ ஆறாறாகவோ கட்டி எழுதும் முறை. பொத்தான் கிடையாது, படம் கிடையாது. ஆகவே ஊரில் அதற்கு மதிப்பும் கிடையாது.

அவன் கட்டிக்கொள்ள நினைத்தது தன்னோடு வேலை பார்க்கும் பிரவீனாவை. ஜாதகம் பொருந்தியது. பிறந்த தேதிதான் 26. கோழிப்பண்ணை வைத்திருக்கும் அவன் அப்பா சென்னியப்பன் விரலை மடக்கினார்.

"ரெண்டும் ஆறும் எட்டு. சனி எண்ணு சாமி. நம்பர் கூட்டி எட்டு வந்த லாரியவே நான் ஊட்டு வாசல்ல நிறுத்த உடல."

வாதாடித் தோற்ற மகன் கருவியைத் திறந்தான்.

"அப்பா, முட்டைய முப்பது முப்பதா அடுக்கறமுங்க. அதையே எட்டெட்டா அடுக்குனா? இருபத்தாறு முட்டைக்கு மூணு அடுக்கு, மிச்சம் ரெண்டு. அப்ப 32னு எழுதோணுமுங்க. கூட்டுனா அஞ்சு. எட்டு எங்க போச்சு பாருங்க. எல்லாமே சும்மாங்க!"

அப்பா காதில் விழுந்தது அஞ்சு மட்டும்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? செரி, உன்ற தேதியத் தட்டு."

15. திரையில் 17 வந்தது.

"ஒண்ணும் ஏழும் எட்டு! அவளுக்கு இருந்தது உனக்கு ஒட்டிக்கிச்சே!"

அதன்பின் மடிக்கணினி மகன் கைக்குத் திரும்பவில்லை. ஒற்றை விரலால் அடிமானம் அடிமானமாகத் தட்டினார் சென்னியப்பன். பதினாறாம் அடிமானத்தில் எண்ணுக்குள் இங்கிலீஷ் எழுத்து வந்தது. "இது செய்வினை" என்று தாண்டினார். ஆறாம் அடிமானத்தில் பெண்ணுக்கு 42, பையனுக்கு 23. கூட்டினால் ஆறு, அஞ்சு.

"முடிச்சரலாம்."

பஞ்சாங்கத்தில் கிடைத்த ஒரே முகூர்த்தம் அடுத்த மாதம் எட்டாம் தேதி. மறுபடியும் எட்டு! அப்பாவோ கலங்கவே இல்லை. ஆறாம் அடிமானத்தில் அது 12, கூட்டினால் மூணு, குரு. பத்திரிகையில் 12 என்றே அச்சடிக்கச் சொல்லிவிட்டார்.

"சனமெல்லாம் பன்னெண்டாந்தேதி வந்து நிக்குமுங்கப்பா!"

"வேண்டியவங்களுக்குப் போன்ல சொல்லிக்கறேன், போ."

பத்திரிகையைப் பார்த்த பிரவீனா போன் செய்தாள். "ஏனுங்க, நான் எட்டாந்தேதி வரட்டுமா, பன்னெண்டாந்தேதி வரட்டுமா?"

"எட்டு. பத்தாம் அடிமானத்துல எட்டு. மண்டபத்துக்கு வந்தாப் போதும் தாயே" என்றான்.

கல்யாணம் எட்டாம் தேதி நடந்தது. பன்னிரண்டாம் தேதி, போன் வராமல் பத்திரிகையை மட்டும் நம்பி மேச்சேரியிலிருந்து போன எங்கள் வேன் பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்றது. வண்டியில் எல்லோரும் பட்டுடுத்தி, பசியோடு. பக்கத்துப் பண்ணையிலிருந்து சென்னியப்பன் ஓடி வந்தார்.

"வாங்க சாமி, வாங்க. நீங்கதான் நல்ல நாள் பாத்து வந்திருக்கீங்க!"