கழுத்தை வளைத்து எடுத்த படம்

நான் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லும் வாக்கியம் "கழுத்தை நேரா வெச்சுக்கங்க, ஆடாதீங்க" என்பதுதான். தமிழில் சொல்வேன், தெலுங்கில் சொல்வேன், அரைகுறைக் கன்னடத்திலும் சொல்வேன். ஒடிசாவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்களுக்குக் கையால் காட்டுவேன். ஓசூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவது என் பிழைப்பு. டாக்டர் இல்லை, இயற்பியல் படித்தவள். ஊரில் யாருக்கும் இது விளங்காது. "போட்டோ எடுக்கற வேலைங்களா?" என்பார்கள். ஆமாம் சாமி, போட்டோதான் என்று விட்டுவிடுவேன்.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சியும் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. பாதி வாரம் வேலை, பாதி வாரம் ஆராய்ச்சி, மிச்ச ஆயுள் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில். படம் எடுக்கும்போது ஆள் கழுத்தை அசைத்துவிட்டால் படம் கலங்கிவிடும். அந்தக் கலங்கலை எப்படித் துடைப்பது என்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் தொழிலில் நல்ல படம் என்றால் அசையாத, நேரான கழுத்து. அதற்கென்றே கூண்டு மாதிரி ஒரு கெட்டியான பிளாஸ்டிக் கவசம் உண்டு. உடம்பிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பிடிக்கிற ஏரியல் அதற்குள் இருக்கிறது. காயில் என்போம். அதில் கழுத்தை வைத்து மூடிவிட்டால் நினைத்தாலும் குனிய முடியாது.

என் தம்பி போச்சம்பள்ளி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, எலக்ட்ரானிக் போர்டில் கடுகைவிடச் சிறிய பாகங்களை இடுக்கியால் எடுத்து வைக்கிற வேலை. ஷிப்டு முழுக்கக் குனிந்த தலை நிமிராது. அவனுக்கு அந்த வேலை உயிர். டிரெய்னி காலம் முடிந்து பர்மனன்ட் ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனிடம் வேறு பேச்சே கிடையாது. பர்மனன்ட் ஆனதும் என்ன பைக் வாங்குவது என்பது வரை முடிவுசெய்து வைத்திருந்தான்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் வைத்தாள். குந்தாரப்பள்ளிச் சந்தையில் விலை படியாமல் மாட்டைத் திரும்ப ஓட்டி வந்த கடுப்பு அப்பாவுக்கு இன்னும் இறங்கவில்லை. தம்பி களியை இடது கையால் கிள்ளி வாயில் போட்டான். அவ்வளவுதான்.

"சோத்து முன்னால உக்காந்து பீச்சாங்கையில திங்கறான் பாரு. கம்பெனில இதத்தான் கத்துக்குடுக்கறாங்களா?"

"வலது கை வரமாட்டேங்குதுப்பா. குளுருல்ல, வெரல் வெறைச்சிருச்சு."

"ஊர்ல யாருக்கும் இல்லாத குளுரு உனக்கு மட்டும் வந்துருச்சா?" என்று அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

நான் அவன் வலது கையைப் பிடித்து இழுத்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை புடைத்திருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. முன்கையின் உள்பக்கமும் வற்றிப் போயிருந்தது. எத்தனை நாளாகடா இப்படி என்று கத்திவிட்டேன்.

"இடுக்கி நழுவி நழுவி விழுதுக்கா. காலைல குளுர்ல சுத்தமா புடிக்கவே முடியல. சூப்பர்வைசரு, வேலைக்கு வணங்காம நடிக்கறான்னு சொல்லிட்டாரு. கம்பெனி டாக்டரு கிருஷ்ணகிரில கழுத்து ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. எடுத்தேன். ஒண்ணுமில்லன்னு வந்துருச்சு. படத்துலயே ஒண்ணுமில்ல, அப்புறம் உனக்கு என்னடாங்கறாரு. நான் என்னான்னு சொல்றது?"

"எங்கிட்ட ஏன்டா சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீயும் ஸ்கேன்காரிதான? நீயும் அதயேதான சொல்லுவ?"

சுருக்கென்றது.

அவன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஃபிலிமை எடுத்து வந்து கொடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். குறை சொல்ல இடமில்லாத படம். கழுத்தெலும்புகள் வரிசையாக நின்றன, தண்டுவடம் நடுவில் தெளிவாக இறங்கியது, துளிக் கலங்கல் இல்லை. எடுத்தவர் கையில் நல்ல வேலை இருந்தது. அப்படியொரு படம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்தப் பையன் யாரிடம் போய் நிற்பான்? அவன் கையே அவனுக்குச் சாட்சி சொல்லவில்லை, படம்தான் சாட்சி என்றாகிவிட்டது. எனக்கு அந்த ஃபிலிமைக் கிழித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

ஓசூருக்குத் திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவர் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் கழுத்தைப் பார்க்கப் பார்க்க ஒன்று ஞாபகம் வந்தது. பெங்களூரில் வாராவாரம் அபூர்வமான கேஸ்களைத் திரையில் போட்டுப் பேசுவார்கள். ஒருமுறை, வாயில் நுழையாத ஜப்பானியப் பெயருள்ள ஒரு நோயைப் பற்றிப் பேசினார்கள். நான் பின்வரிசையில் வடை தின்றுகொண்டிருந்தேன். இளவயது ஆண்களுக்கு வரும். ஒரு கை மெலியும். குளிரில் விரல் மோசமாகும். கழுத்து நேராக இருக்கும்வரை படத்தில் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. குனிந்தால், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறை முன்னால் நகர்ந்து அதை நசுக்கும். நிமிர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். குனிய வைத்துப் படம் எடுத்தால்தான் தெரியும். யார் குனிய வைத்து எடுப்பார்கள்? நாங்கள்தான் நேராக்கி, மூடி, ஆடாதே என்று அதட்டிவிட்டு அப்புறம்தானே பொத்தானையே அழுத்துகிறோம்!

மறுநாள் காலையிலேயே, படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான எங்கள் ரேடியாலஜிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டேன். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர். நல்ல மனிதர். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார்.

"ஏனம்மா, நார்மல் ரிப்போர்ட் இருக்குது அல்லவா? மறுபடி எதுக்கு?"

"நேரா வெச்சு எடுத்த ரிப்போர்ட் சார் அது. குனிய வெச்சு எடுக்கணும்."

"கூண்டுக்குள்ள எப்பிடி குனியறது?"

"கூண்டு வேணாம் சார். தோள்பட்டைக்குச் சுத்தற துணி காயில் இருக்குதுல்ல, அதைக் கழுத்துல சுத்திக்கலாம். தலைக்குக் கீழே போர்வையைச் சுருட்டி வெச்சா தாடை நெஞ்சுல போய் இடிக்கும்."

கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "ஆயித்து. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மிஷின் சும்மாதான இருக்கும், எடுத்துக்கோ. ஆனா நம்ம வழக்கம் தெரியுமல்ல?"

தெரியும். எங்கள் சென்டரில் புதிதாக எதையாவது யார் செய்யலாம் என்று சொல்கிறார்களோ, அவர்கள்தான் முதலில் உள்ளே படுக்க வேண்டும்.

படுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே எங்கள் டெக்னீஷியன், எல்லோரும் பாய் என்று கூப்பிடும் கிருஷ்ணகிரிக்காரர், என் தலைக்குக் கீழே போர்வை மேல் போர்வையாகச் சுருட்டித் திணித்தார். தாடை நெஞ்சில் முட்டியது. கழுத்தைச் சுற்றித் துணிக் காயிலைக் கட்டி, தலை அசையாதிருக்க இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்தார். "மேடத்துக்கு இன்னும் நாலு போர்வை போடலாம், ஆராய்ச்சி நல்லா வரும்" என்று கிண்டல் வேறு. பலகை உள்ளே நகர்ந்தது. தலை உயர்ந்திருந்ததால் குழாயின் கூரை நேராக என் நெற்றிக்கு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் வெள்ளைச் சுவர். மூச்சு விட்டால் அது திரும்பி முகத்திலேயே அடிக்கிறது. மடிந்த தொண்டையில் எச்சில் இறங்க மறுத்தது. இயந்திரம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது.

எனக்கு இந்தக் குழாயின் ஒவ்வொரு திருகும் தெரியும். காந்தம் எங்கே, சத்தம் எதனால், எல்லாம் பாடம் நடத்துவேன். உள்ளே கிடந்தபோது ஒரு எழுத்து ஞாபகம் இல்லை. வெளியே எடுக்க மறந்துவிடுவார்களோ, கரண்டு போய்விடுமோ, இப்படியே நசுங்கிச் செத்துவிடுவேனோ என்று பயந்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை, அழுதுவிட்டேன். பயம் வந்தால் கூப்பிடவென்று கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்தினேன், அழுத்தினேன், விடவே இல்லை.

பாய் ஓடி வந்து பலகையை இழுத்தார். "யம்மா, ஒரு தரம் அமுக்குனா போதும், பந்து பிஞ்சிரும்" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் "ஒண்ணும் ஆகாது, சும்மா படுங்க" என்று சொல்லியிருக்கிறேன்! இரண்டு போர்வையை எடுத்துவிட்டு மறுபடி படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாக முடித்தேன். கழுத்து வளைந்த படம் தெளிவாகவே வந்தது. என் கழுத்தில் கோளாறு எதுவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து சேரவே நேரமாகிவிட்டது. ராயக்கோட்டை வழியாக வந்திருக்கிறான். சானமாவுக் காட்டில் யானைகள் ரோட்டைக் கடக்கும்வரை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். "இன்னிக்குமா மாட்டிக்கணும்னு உக்காந்திருந்தேன்" என்றான். உள்ளே எப்படி இருக்கும், எங்கே பயம் வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். பந்தை அவன் இடது கையில் கொடுத்தேன். முதலில் நேராகப் படுக்க வைத்து எடுத்தோம், பிறகு போர்வையை வைத்து, தலையைக் குனிய வைத்தோம்.

"கஷ்டமா இருக்குதாடா?"

"இல்லக்கா. கம்பெனி லைன்ல உக்கார்ற மாதிரியேதான் இருக்குது."

நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரையில் படம் ஒவ்வொன்றாக இறங்கியது. ரேடியாலஜிஸ்ட் நாற்காலியை முன்னால் இழுத்தார். நேராகப் படுத்திருந்த படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. குனிந்த படத்தில், தண்டுவடத்துக்குப் பின்னால் உறை பிரிந்து முன்னால் வந்து, அதைப் பட்டையாக அழுத்திக்கொண்டிருந்தது. "அய்யோ, நோடு நோடு! பாரம்மா!" என்று என் தோளில் தட்டினார். அபூர்வமான கேஸ் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அடுத்த நொடி அது என் தம்பியின் கழுத்து என்று உறைத்தது.

வெளியே வந்தவனிடம் டாக்டர் படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். சில வருஷத்தில் இது தானாக நின்றுவிடும். அதுவரை கழுத்துக்குக் காலர் போட வேண்டும், குனியவே கூடாது. குனியக் குனியக் கை இன்னும் போகும். போன சதை திரும்பும் என்று சொல்ல முடியாது. பெங்களூரில் நரம்பு டாக்டரையும் பார்த்துவிட வேண்டும்.

தம்பி இதில் எதையும் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. "அப்ப நான் நடிக்கல இல்ல சார்?" என்றான்.

"நடிப்பு இல்லப்பா. இது நிஜம்."

"நடிக்கலன்னு எழுதிக் குடுப்பீங்களா சார்?"

பாய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். தம்பி அவ்வளவு சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. வியாதி இருக்கிறது என்று சொன்னதற்கு ஒருவன் இப்படிச் சிரிப்பானா என்று பாய் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெங்களூர் நரம்பு டாக்டரும் அதையேதான் சொன்னார். காலரை மாட்டிக்கொண்டு, படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்பி கம்பெனி பஸ் ஏறினான். அன்று மத்தியானம் போன் வந்தது. நான் இயந்திரத்துக்கு வெளியே கண்ணாடி அறையில் இருந்தேன், பாய் அடுத்த ஆளின் கழுத்தைக் கூண்டுக்குள் வைத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, எல்லாரும் நம்பிட்டாங்க."

"நெசமாவாடா?"

"டாக்டரு படத்த லைட்டுல வெச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. சூப்பர்வைசரு தோள்ல கை வெச்சு, மனசுல வெச்சுக்காதப்பான்னாரு."

"அப்புறம் ஏன்டா குரல் இப்படி இருக்குது?"

பின்னால் கம்பெனி பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்கிறான் என்று புரிந்தது.

"குனியாம செய்யற வேலை அங்க எதுவும் இல்லியாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றோம், நாளைலருந்து வர வேணாம்னுட்டாங்க." பஸ் சத்தம் அடங்கியதும் சொன்னான்: "நடிக்கறேன்னு சொன்னப்பகூட வேலைல வெச்சிருந்தாங்கக்கா."

வீட்டுக்குப் போடா, நான் வர்றேன் என்று மட்டும் சொன்னேன். குழாய்க்குள் இருந்தவர் காத்துக்கொண்டிருந்தார். மைக்கை அழுத்தி, "கழுத்தை நேரா வெச்சுக்கங்க" என்றேன். மைக்கைப் பாயிடம் தள்ளினேன். மிச்சத்தைப் பாய் சொன்னார்.