ஒரு பெட்டி ஐஸ்

எங்கள் கம்பெனியில் அவளுக்கு ‘அளவு அக்கா’ என்று பெயர். கச்சேரியோ பந்தயமோ, மைதானத்தில் எங்கே கூட்டம் கூடினாலும் குளிர்பானமும் மதுவும் விற்கக் கடை போடுவது எங்கள் கம்பெனி. பதினோரு வருஷமாக அக்கா அதில் பார் கவுண்டர் பார்க்கிறாள். ஊற்றினால் ஒரு சொட்டு கூடாது, குறையாது. தான் குடித்ததும் கிடையாது. வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறதாம்.

நிகழ்ச்சி இருந்தால்தான் வேலை. மழை பெய்தால் வீடு. வெயிலில் எட்டு மணி நேரம் நின்று நின்று அவள் முட்டி இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தன. மைதானத்து வி.ஐ.பி. கூடத்து பாரில் மாதச் சம்பள வேலை ஒன்று காலி என்றதும் விழுந்தடித்துக்கொண்டு போய்க் கேட்டாள். ஒருநாள் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் கூடத்து மேனேஜர். நான் அங்கே கிளாஸ் கழுவுகிறவள். அவளைவிட எனக்குத்தான் படபடப்பு.

மதியம்வரை ஜோராகப் போனது. கூட்டம் நெருக்கியதும் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. வெளிக் கடையில் எல்லாம் பிளாஸ்டிக் கப். அவசரத்துக்குக் கப்பாலேயே ஐஸை அள்ளிவிடுவோம். இங்கே அவள் கண்ணாடி கிளாஸை ஐஸ் பெட்டிக்குள் விட்டாள். ‘டிக்’ என்றது. விளிம்பில் ஒரு சில்லைக் காணோம்.

மேனேஜர் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பல்லிளித்துக்கொண்டிருந்தார். “யாரும் பாக்கல, விடுக்கா” என்றேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

“அந்தச் சில்லு எந்த கிளாஸ்ல போகும்னு தெரிஞ்சா அதை மட்டும் குடுக்காம இருக்கலாம். தெரியலையேடி” என்றாள் அக்கா.

சிவப்பு சிரப் பாட்டிலை எடுத்து ஐஸ் முழுக்கக் கவிழ்த்தாள். இனி அதை யாரும் தெரியாமல்கூட எடுக்க மாட்டார்கள். பெட்டியைக் காலி செய்து, வெந்நீர் ஊற்றித் துடைத்து, புது ஐஸ் வந்து சேர இருபத்தைந்து நிமிஷம். விருந்தாளிகள் முகம் சுளித்தார்கள். “என் தப்புதான் சார்” என்று அவளே மேனேஜரிடம் சொன்னாள். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் கடுகடுவென்று அனுப்பிவிட்டார். அக்கா ஒரு மூச்சு அழுதுவிட்டு, மறுவாரம் வெயில் கவுண்டரில் வந்து நின்றாள்.

அடுத்த மாதம் மேனேஜர் அவளைத் தேடி அங்கேயே வந்தார். அவர் வீட்டில் விசேஷமாம், முழுக்கச் சொந்தக்காரர்களாம், பாருக்கு அக்காதான் வேண்டுமாம்.

“உங்க வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் நானா சார்?” என்று கேட்டாள், கப் அடுக்குவதை நிறுத்தாமல்.

அவர் ஒரு கப்பை எடுத்து அவள் அடுக்கின்மேல் வைத்தார்.

“கூடத்துக்கும் நீங்கதான். திங்கக்கிழமை வந்துடுங்க.”