மையத்து வீட்டு வாசலில் நின்ற காக்கா

வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், ஞாபகமும் விட்டு விட்டுத்தான் வருகிறது. "நீங்க எழுதினாத்தான் சரி மாமி" என்று காக்கா என்று நான் கூப்பிட்ட என் அண்ணனின் மகன், அவருடைய நினைவு மலருக்காக விடாமல் கேட்டதால் எழுதுகிறேன்.

காக்கா சாய்ந்தமருதில் பிறந்தார். வாப்பா கரைவலைக்குப் போனவர். கடல் கொந்தளித்துத் தோணி இறங்காத நாட்களில் வீட்டில் அடுப்பு எரியாது. அப்போது காக்கா மீன் ஏலம் கூறுகிறவரைப் போல நடந்து வந்து, வெறும் சட்டியை உம்மாவுக்கே ஏலம் கூறுவார். உம்மா பசியோடு சிரிப்பார்.

கொழும்புக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பிறகு வானொலி, அதற்குப் பிறகு தொலைக்காட்சி. பெண் கேட்கப் போகிற வீட்டில் முதலில் குசினியை எட்டிப் பார்த்து, "இன்டைக்கு என்ன ஆணம்?" என்று கறியை விசாரிக்கும் கலியாணத் தரகராக நடித்தார். அதிலிருந்து கல்முனைச் சந்தையில் மீன்காரரும் மரக்கறிக்காரரும் அவரிடம் அதையே கேட்பார்கள். காக்கா அலுக்காமல் பதில் சொல்வார். எனக்கு வீடு கட்டி முடித்த பிறகுதான் அவர் கலியாணம் செய்தார்.

அந்த வீட்டில்தான் உம்மா மௌத்தானார். காக்கா கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். வாசலில் அவரைக் கண்டதும், அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். காக்கா கண்டுவிட்டார், உள்ளே வரவில்லை. நான் எழும்பிப் போனேன்.

"என்ட மூஞ்சியக் கண்டா சனம் சிரிக்குது தங்கச்சி. உம்மாட மையத்து வீட்ட நான் கூத்தாக்க மாட்டன். நீங்க தூக்குங்க, நான் பின்னால வாறன்."

முகம் பார்க்காமலே உம்மாவை அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சிதான் உள்ளிருந்து சத்தம் போட்டார்.

"டேய், உன்னப் பார்த்து மொதல் சிரிச்ச ஆளே அவதான்டா. வந்து முகத்தப் பாரு."

காக்கா வந்தார். உம்மாவின் நெற்றியில் கைவைத்துக் குனிந்து அழுதார். சிரித்தவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

காக்காவின் கடைசி மாதங்களில் நோய் அவரைப் பேசவிடவில்லை. போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். ஜனாஸா எடுக்கும் முன், பந்தலுக்கு வெளியே ஆண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. என் மருமகன் அதட்டப் போனார்.

"விடுங்க மகன். அவரக் கதைச்சுத்தான் சிரிக்காங்க. சிரிக்கட்டும்" என்று தடுத்தேன்.

காக்காவைக் குளிப்பாட்டிக் கபன் துணியிட்டவர்கள், கபுறுக் குழி வெட்டியவர்கள், பாண்டிருப்பிலிருந்து ஆட்கள் உட்காரக் கதிரைகள் ஏற்றி வந்து கூடவே நின்ற நண்பர்கள், எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும்.

அச்சுக்குப் போகும் முன் யாராவது படித்தவர்கள் இதைச் சரிபார்க்க வேண்டும். வானொலி முந்தியா, கோப்பை கழுவினது முந்தியா என்று எனக்கே தடுமாற்றம். அன்று என்னத்தைச் சொல்லிச் சிரித்தார்கள் என்பதும் உள்ளே இருந்த எனக்குக் கேட்கவில்லை. பந்தலடியில் நின்றவர்களிடம் கேட்டு, அதையும் இதில் எழுதிவிடுங்கள்.