தோசைக்கல் சாவி

என் சித்தி பொய் சொல்லும்போது சிரிக்க மாட்டாள். மற்றவர்களுக்கு உதட்டோரம் துடிக்கும், கண் எங்காவது ஓடும். சித்தியின் முகத்திலோ அப்போதுதான் ஒரு கவலை வந்து உட்காரும். நமக்காக அவள் உருகுவதுபோல் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் அவள் கேட்டதைத் தேடிக்கொண்டு வெயிலில் கிளம்பிவிடுவார்கள்.

அம்மாவின் தங்கை அவள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எங்களோடுதான் இருந்தாள். ஒரு சேலைக்கடையில் வேலை, திங்கட்கிழமை லீவு. இல்லாத பொருளை வாங்கி வர ஆள் அனுப்புவது அவளுடைய பொழுதுபோக்கு. என் தாய்மாமா கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளையையே பூக்கடைக்கு அனுப்பி, மாலைக்குப் போடும் பேட்டரி கேட்க வைத்தவள். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அங்கிள், ஐஸ் வறுக்கும் கரண்டியைத் தேடிப் பாசார் முழுக்க அலைந்திருக்கிறார். நான் மாட்டமாட்டேன் என்று மார்தட்டிய அப்பாவும் ஒரு தீபாவளிக்கு முறுக்கு நேராக்கும் கம்பி வாங்கப் போய், இரண்டு கடை ஏறி இறங்கி வந்தார். ஏமாந்தவர்கள் யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அடுத்து யார் மாட்டுவார் என்று சித்தியோடு சேர்ந்து காத்திருப்பார்கள்.

எனக்கு எட்டு வயதாகியிருந்த அந்த வருடம், பள்ளி விடுமுறையின்போது பெரியப்பா எங்கள் வீட்டில் இருந்தார். அப்பாவின் அண்ணன். டெங்கில் என்ற ஊரில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. பெரியம்மா இறந்து, கருமக்கிரியை முடிந்த கையோடு அப்பா அவரைத் தனியாக விட மனமில்லாமல் அழைத்து வந்துவிட்டார்.

வந்தவர் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அதோடு சரி. கீழே தண்டவாளத்தில் ரயில்கள் வரும், போகும். அவர் ரயிலைப் பார்க்கிறாரா, வெயிலைப் பார்க்கிறாரா என்றே தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டால் வந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கோயிலுக்குப் போகலாம் என்று அப்பா கூப்பிட்டார். கீழே போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று குடிக்கலாம் என்றார். டாக்டரிடமாவது போகலாம் என்றார். எல்லாவற்றுக்கும் பெரியப்பாவிடம் இருந்தது ஒரே பதில்தான். “வேணாம்டா.”

ஒருநாள் அம்மா சமையலறையில் அப்பாவிடம் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. “பிரஷர் மாத்திரைகூட எடுக்கறதில்ல. அப்படியே கிடக்கு. இப்படியே விட்டா அக்கா பின்னாடியே போயிடுவாரு போல.” பெரியம்மா எங்கே போனார் என்று எனக்கு ஒரு மாதிரியாகத் தெரியும். பெரியப்பா எப்படிப் பின்னால் போவார் என்பதுதான் விளங்கவில்லை. அவர்தான் லிஃப்ட்டில்கூட இறங்குவதில்லையே.

அடுத்த திங்கட்கிழமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தி எனக்குத் தோசை வார்த்தாள். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு கந்தலாக வந்தது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது வரவே இல்லை. சித்தி அடுப்பை அணைத்துவிட்டுக் கல்லையே உற்றுப் பார்த்தாள். அந்தக் கவலை அவள் முகத்துக்கு வந்தது.

“கல்லு பூட்டிக்கிச்சு,” என்றாள்.

“பூட்டிக்குமா?”

“பழைய கல்லு சிலது அப்படித்தான். பூட்டிக்கிச்சுன்னா எவ்வளவு எண்ணெய் ஊத்தினாலும் தோசை எழும்பாது. சாவி போட்டுத் திறக்கணும். நம்ம சாவியை உங்கம்மா எங்க வச்சாளோ. நீ கீழ போய் சாமான் கடை அண்ணன்கிட்ட ஒரு தோசைக்கல் சாவி வாங்கிட்டு வரியா? ரோட்டைத் தாண்டாத. கடை ஓரமாவே போ.”

முந்தின நாள் சித்தி அந்தக் கல்லை சோப்பும் கம்பி நாரும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். சோப்புப் போட்ட கல்லில் யார் வார்த்தாலும் தோசை எழும்பாது என்பது பல வருடம் கழித்து என் சொந்தச் சமையலறையில்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு பொய்க்கு அவ்வளவு முன்னேற்பாடு செய்பவர்களை அதற்குப் பிறகும் நான் அதிகம் சந்தித்ததில்லை.

சாமான் கடை அண்ணன் என் கோரிக்கையை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அண்ணாந்து எங்கள் மாடியைப் பார்த்தார். “இப்பதான் தீர்ந்து போச்சு பாப்பா. பாத்திரக் கடையில கேட்டுப் பாரு,” என்றார். பாத்திரக் கடை ஆன்டி, “எந்த சைஸ்?” என்று கேட்டார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அந்த சைஸ் அவரிடம் இல்லையாம். மூலையில் இருந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் கல்லு ஜாஸ்தி, அங்கே இருக்கும் என்றார். மாமாக் கடையில் ரொட்டி போடும் அண்ணன் மாவை வீசிக்கொண்டே யோசித்தார். “எங்ககிட்ட ரொட்டிக் கல்லுச் சாவிதான் இருக்கு. தோசைக்குச் சேராது லா,” என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. வெறும் கையோடு போனால் சித்தி பட்டினி என்று நினைத்தேன். அப்போதுதான் நடைபாதையில் பெரியப்பா வேகமாக வருவதைக் கண்டேன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில் அப்பாவின் செருப்பு, இன்னொரு காலில் சித்தியின் ரோஸ் கலர் செருப்பு. என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“தனியா எங்க பாப்பா வந்த? உன் சித்தி, ‘புள்ளையைக் காணோம் மாமா, எனக்குக் கால் சுளுக்கிக்கிச்சு, நீங்க கொஞ்சம் போய்ப் பாருங்க’ன்னு கத்தறா!”

“சித்திதான் அனுப்புச்சு. தோசைக்கல் சாவி வாங்க.”

“என்ன சாவி?”

நான் முழுவதும் விளக்கினேன். கல் பூட்டிக்கொண்டது, சாமான் கடையில் தீர்ந்துபோனது, ரொட்டிக் கல் சாவி சேராதது எல்லாம். ரொட்டி போடும் அண்ணன் அவசரமாகத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. பெரியப்பா தலையைத் தூக்கி எங்கள் மாடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பால்கனியில் யாரும் இல்லை. அவருடைய நாற்காலி மட்டும் தெரிந்தது.

நான் வேலைக்குப் போன பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன், அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று. “கோவம்தான் மொதல்ல வந்துச்சு,” என்றார். “அப்புறம் யோசிச்சேன். எனக்கு அவ என்ன உறவு? தம்பி பொண்டாட்டியோட தங்கச்சி. அவ உக்காந்து எனக்காக இவ்வளவு யோசிச்சிருக்கா. நான் திரும்பி மேல போய் அதே நாற்காலியில உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

அன்று அவர் என்னிடம் சொன்னது வேறு. “இங்கெல்லாம் நல்ல சாவி கிடைக்காது பாப்பா. கிள்ளான்லதான் கிடைக்கும்.” பிறகு ரொட்டி அண்ணனிடம் திரும்பி, “தம்பி, மேல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. சாவி வாங்க கிள்ளான் வரைக்கும் போயிட்டு வரோம்னு,” என்றார்.

மாறிய செருப்போடுதான், ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினார். நான் சொன்ன பிறகு பொத்தானை மட்டும் சரி செய்தார்.

கிள்ளானில் நாங்கள் நுழையாத கடை குறைவு. ஒவ்வொரு கடையிலும் பெரியப்பாதான் கேட்டார், அதுவும் முகத்தில் ஓர் அசைவில்லாமல். சித்தியின் கலையை ஒரே காலையில் கற்றுக்கொண்டவர்போல் இருந்தார். பாத்திரக் கடைக்காரர் ஒருவர், “அப்படி ஒரு சாமான் உலகத்துலயே இல்லண்ணே,” என்று சிரித்தபோது, “உங்க கடையில இல்லன்னு சொல்லுங்க. உலகத்தைப் பத்திப் பேசாதீங்க,” என்று அதட்டினார். அவர் குரல் அவ்வளவு உரக்க ஒலித்து நான் பல வாரமாகக் கேட்டிருக்கவில்லை.

கடைசியில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்டிருந்த ஐந்தடிப் பாதையில் ஒரு சிறிய மேசை போட்டுச் சாவி வெட்டும் சீனக் கிழவரிடம் போனோம். பெரியப்பா மலாய் மொழியில் விஷயத்தைச் சொன்னார். கிழவர் என்னைப் பார்த்தார். பெரியப்பாவின் கால்களைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தோசை வட்டமா சதுரமா என்று விசாரித்தார். வட்டம் என்றேன். ஒரு டப்பாவைக் கவிழ்த்து, துருப்பிடித்த பெரிய இரும்புச் சாவி ஒன்றைப் பொறுக்கி, இயந்திரத்தில் வைத்து அதன் பற்களையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கினார். பொறி பறந்தது. வட்டமான தோசைக்குப் பல் இருக்கக் கூடாது என்று மிகக் கண்டிப்பாகச் சொல்லி என் உள்ளங்கையில் வைத்தார். சாவி சுட்டது.

மதியம் ஒரு வாழையிலைக் கடையில் பெரியப்பா இரண்டு முறை சோறு வாங்கிக்கொண்டார். ரசத்தில் புளி ஏறிவிட்டது என்று கடைக்காரரிடம் குறையும் சொன்னார். திரும்பும் ரயிலில் எனக்குக் கண் சொக்கியது. அவர் பேசிக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில் பெரியம்மாவுக்குத் தோசை வார்க்க வராதாம். பிய்ந்து பிய்ந்து வருமாம். “அதுல சீனியைத் தூவி, இது எங்க ஊர் பலகாரம்னு சொல்லிக் கொண்டாந்து வைப்பா. நானும் பல நாள் நம்பிட்டுத் தின்னேன் பாப்பா.” இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு ஸ்டேஷன் தாண்டும் வரை திரும்பவில்லை. ரயிலில் ஏசி குளிர் தாங்காமல் கண்ணில் நீர் வருகிறது என்று நினைத்து, அவர் கையை என் இரண்டு கையாலும் தேய்த்துவிட்டேன்.

கதவைத் திறந்த சித்தியின் கால் சுளுக்கு சரியாகியிருந்தது. நான் சாவியை நீட்டினேன். “கிடைச்சிருச்சு! பெரியப்பா வாங்கிக் குடுத்தாரு!”

சித்தி சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். “எண்ணெய் தடவி, ராத்திரி பூரா கல்லு மேல வச்சிருக்கணுமாம். காலையில தோசை நல்லா எழும்பும்னு கடைக்காரர் சொன்னாரு. எனக்கு ரெண்டு ஊத்தும்மா. அப்புறம், அந்த மாத்திரை எங்க இருக்கு?”

சித்தியின் முகம் அப்படி உடைந்து நான் பார்த்ததே இல்லை. சட்டென்று திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். மாமாவை, கீழ்வீட்டு அங்கிளை, அப்பாவை எல்லாம் ஏமாற்றிய சித்தி என்னிடம் தோற்றுவிட்டாள். இல்லாத சாமான் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறாள், நான் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன். அந்த அவமானம் தாங்காமல்தான் அழுகிறாள். அம்மா வேலை முடிந்து வந்து கைப்பையை வைப்பதற்குள் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அம்மா, சித்தி தோத்துருச்சு! உள்ள அழுவுது!”

அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் இரண்டு பேர் அழுவது கேட்டது. பெரியப்பா எழுந்து டிவியைப் போட்டு, எனக்குக் கார்ட்டூன் வைத்து, சத்தத்தை நன்றாகக் கூட்டினார். நான் அவர் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவையும் சேர்த்து ஜெயித்துவிட்டேன்போல என்று நினைத்துக்கொண்டேன்.