பதினொன்று என்றால் பதினொன்றேகால்

பல்கலைக்கழக ஊரான மார்பூர்க்கின் ரயில் நிலைய ரொட்டிக் கடையில் ரோஸ்விதா இருபத்திரண்டு வருடமாக நிற்கிறார். ரொட்டி வாங்குகிறவர்களைவிட அவரிடம் வழி கேட்கிறவர்கள்தான் அதிகம். காகிதப் பையைத் திருப்பி, ஆற்றை ஒரு கோடாக இழுப்பார். பிறகு பேருந்து, குன்றின்மேல் உள்ள மேல்நகருக்கு ஏறும் லிஃப்ட், கோட்டைப் பக்கத்துப் படிகள். அவர் கணவர் பல்கலைக்கழகத்தில் கட்டடக் காவலராக இருந்தவர். அதனால் அந்த இடத்து வழக்கமெல்லாம் தனக்கு அத்துப்படி என்பார்.

நான் அவர் பக்கத்தில் ரொட்டி வெட்டுகிறேன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள். கேட்டால் ஒழியப் பேசமாட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை பத்து இருபத்தைந்துக்குக் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் மூச்சிரைக்க வந்தார். பெயர் ஹாசெல், வடக்கே கடலோர ஊர். ரயில் முக்கால் மணி நேரம் தாமதமாம். பதினொரு மணிக்கு மேல்நகரில் அவர் மகளுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. நான்கு வருடமாக வீட்டுப் பக்கமே வராத மகள். இப்போதுதான், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

ரோஸ்விதா சிரித்தார். "பதறாதீங்கம்மா. இந்த ஊர்ல பதினொன்னுன்னா பதினொன்னேகால். அதுக்கு முன்னாடி எந்தப் பேராசிரியரும் வாயத் திறக்கமாட்டார். உக்காந்து ஒரு காபி குடிங்க."

பாடவகுப்புகளுக்கு அது உண்மைதான்; குறித்த நேரத்துக்குக் கால் மணி கழித்துத்தான் தொடங்குவார்கள். ஊரே அந்தக் கால் மணிக்குப் பழகியிருக்கிறது. அந்த அம்மாள் உட்கார்ந்தார். வாசலில் நின்ற பேருந்து கிளம்பிப் போயிற்று.

எனக்கு விஷயம் தெரியும். இந்த வேலைக்கு முன், தேர்வு நடக்கும் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இரண்டு வருடம் பெருக்கினேன். ஆனால் வெளியாள் முன்னால் ரோஸ்விதாவை எப்படித் திருத்துவது? பத்து நாற்பதுக்கு அடுத்த பேருந்தும் போனது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"ரோஸ்விதா, தேர்வுக்கு அந்தக் கால் மணி கிடையாது."

"யார் சொன்னது?"

"நான் அங்க பெருக்கியிருக்கேன். மணி அடிச்சதும் கதவ மூடிருவாங்க."

அம்மாள் எழுந்த வேகத்தில் கோப்பை கவிழ்ந்தது. ரோஸ்விதாவின் கழுத்து சிவந்துவிட்டது. ஏப்ரனைக் கழற்றி என்மேல் எறிந்தார். "கடையப் பாத்துக்க, இம்கே." அம்மாளின் கையைப் பிடித்து டாக்சி நிற்கும் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார்.

தேவாலய மணி பதினொன்று அடித்தபோது, கசகசா ரொட்டி கேட்டவருக்கு எள்ளு ரொட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று நாற்பதுக்கு ரோஸ்விதா திரும்பினார். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. டாக்சி மேலே வரை போகாததால் ஏறிய படிகளில் அந்த அம்மாள் இரண்டு முறை நின்றுவிட்டாராம். மேலே போய்ச் சேர்ந்தபோது பதினொன்று தாண்டி நான்கு நிமிடம்; கதவு மூடியிருந்தது. அப்புறம் யாரும் உள்ளே போவதில்லை. ரோஸ்விதா தட்டாமலே திறந்திருக்கிறார்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. தப்பு என்னோடது, இவங்களக் காபி குடிக்க வெச்சதே நான்தான்னு சொன்னேன். தேர்வுக் குழுத் தலைவரு முறைச்சாரு. பொண்ணு மட்டும் பேச்ச நிறுத்திட்டு, அம்மா உக்கார்ற வரைக்கும் காத்திருந்துச்சு. அப்புறம் முதல்லேருந்து ஆரம்பிச்சுச்சு."

ஏப்ரனைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

"முதல்லயே."

"ரெண்டு பஸ் போறதப் பாத்துக்கிட்டா ரொட்டி வெட்டிக்கிட்டிருந்த?"

ஆமாம் என்றேன்.

"அடுத்த தடவை," என்றார் ரோஸ்விதா, "அந்த ரொட்டிய எடுத்து என் வாயில அடைச்சிடு."