மூக்கைப் பொத்தியவள் வாசித்த கட்டுரை

ஏறாவூரில் கல்யாண வீடுகளுக்கு இறால் பொரித்துக் கொடுக்கும் ஸுஹைனா, குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். நாளை பழைய மாணவர் ஒன்றுகூடலில் அவள் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். கை ஈரமென்று சொல்லி, அதை மதினி நஸ்ஹாவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"நீ வாப்பாவின் வலையில் இறால் கழற்றிவிட்டு பள்ளிக்கூடம் வருகிறாய். உன்னைக் கண்டதும் வகுப்பே மூக்கைப் பொத்துகிறது. நீ கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறாய்."

நஸ்ஹாவின் குரல் இறங்கியது. அன்று முதலில் மூக்கைப் பொத்தியவள் அவள்தான். பிறகு அந்த வாப்பாவின் மகனை, ஸுஹைனா 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணனையே, கட்டிக்கொண்டாள்.

"என்ன கா இது, எனக்கு நடந்த மாதிரிக் கிடக்கு. 'நான்' எண்டு மாத்து."

"முதல்ல அப்பிடித்தான் எழுதினன். வாசிச்ச ஆக்கள் எல்லாரும் 'பாவம்' எண்டாங்க. ஆருக்கு வேணும் அவங்கட பாவம்? நாளைக்கு மண்டபத்தில இருக்கிற எல்லாரும் கொஞ்ச நேரம் நானா இருக்கட்டும்."

நஸ்ஹா மிச்சத்தையும் வாசித்தாள். நடுவில் தன்னையறியாமல் விரல்களை முகர்ந்து பார்த்தாள். ஸுஹைனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதடி! உன்ட காக்காவக் கட்டின நாள்ல இருந்து எனக்கும் இதே மணம்தான்." நஸ்ஹாவும் சிரித்துவிட்டாள். "'நீ' எண்டே வாசி. நான் முன்வரிசையில இருப்பன். ஆனா உண்மையச் சொல்லு, கை ஈரமெண்டுதானா என்னை வாசிக்கச் சொன்னாய்?"

ஸுஹைனா சிரிப்பை அடக்கமாட்டாமல், இறால் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.